கட்டி உள்ளே இருக்கும்போது எதற்கு முதலில் கீமோ, ஏன் உடனே ஆபரேஷன் இல்லை?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன், மற்றவர்களுக்கும் புரியும். உங்கள் அப்பாவுக்கு 61 வயது. சில மாதங்களாகவே கொஞ்சம் சாப்பிட்டாலும் வயிறு நிரம்பிவிடுகிறது, எடை ஒன்பது கிலோ இறங்கிவிட்டது. கேஸ் மாத்திரையிலேயே காலத்தை ஓட்டியிருக்கிறார். கடைசியில் எண்டோஸ்கோபி பார்த்தபோது இரைப்பையின் கீழ்ப்பாதியில் புண், பயாப்ஸியில் புற்றுநோய். சி.டி.யில் கல்லீரலும் நுரையீரலும் சுத்தம், இரைப்பையை ஒட்டிச் சில நெறிக்கட்டிகள் மட்டும் பெரிதாகத் தெரிகின்றன. டாக்டர் நான்கு கீமோ, பிறகு ஆபரேஷன், அதற்குப் பிறகு இன்னும் நான்கு கீமோ என்கிறார். உங்கள் சித்தப்பா "கட்டியை உள்ளேயே வைத்துக்கொண்டு ரெண்டு மாசம் சும்மா இருப்பதா, இன்னொரு ஆஸ்பத்திரியில் அடுத்த வாரமே எடுத்துவிடுகிறேன் என்கிறார்கள்" என்கிறார். எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் வரிக்கு வரி தெரிவது வேறு பயம்: இது ஆபரேஷன் செய்யவே முடியாத கேஸ், அதை டாக்டர் நேரடியாகச் சொல்லாமல் கீமோ என்று சமாளிக்கிறாரோ?

இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியாத கேஸ் என்றால் திட்டம் இப்படி இருக்காது. "கீமோ கொடுப்போம், எப்படிப் போகிறதென்று பார்ப்போம்" என்று முடிவு தேதி இல்லாமல் இருக்கும். நான்கு, நடுவில் ஆபரேஷன், மறுபடி நான்கு என்று எண்ணிச் சொல்வது குணப்படுத்தும் நோக்கத்தில் போடுகிற திட்டம்தான். நான் இரைப்பை, குடல் ஆபரேஷன் செய்கிறவன். பல வருடமாகக் கத்தி பிடித்தே சம்பாதிக்கிறேன், கீமோவுக்கு வக்காலத்து வாங்குவதில் எனக்கு ஒரு லாபமும் கிடையாது. உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, சி.டி. படத்தையும் பார்க்கவில்லை. அதனால் கீழே எழுதுவது அவர் டாக்டரோடு உட்கார்ந்து பேசுவதற்கான விஷயம்தான், அவர் சொன்னதற்கு மாற்று இல்லை.

இரைப்பையில் கட்டி வந்தால் வெட்டி எடுக்கலாம் என்பது 1881-இலேயே நிரூபணமான விஷயம். வியன்னாவில் பில்ரோத் என்ற சர்ஜன் செய்தார், அந்தப் பெண் ஆபரேஷனைத் தாங்கிப் பிழைத்தும் வந்தார். நான்கு மாதம் போல இருந்துவிட்டு, நோய் திரும்பி இறந்தார். (பில்ரோத் பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் நீங்களே பார்க்கக்கூடும்.) அதற்குப் பிறகு வந்த நூறு வருடத்தில் ஆபரேஷன் எவ்வளவோ நேர்த்தியாகிவிட்டது, மயக்க மருந்து மாறிவிட்டது, ஆபரேஷன் டேபிளில் இறப்பது அபூர்வமாகிவிட்டது. ஆனால் இரைப்பைச் சுவரின் தசைவரை இறங்கிய, நெறிக்கட்டிக்குப் போய்விட்ட நோயில், சுத்தமாக வெட்டி எடுத்த பிறகும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பிக்கொண்டேதான் இருந்தது. காரணம், கண்ணுக்கும் சி.டி.க்கும் தெரியாத செல்கள் ஆபரேஷனுக்கு முன்பே வெளியே போய்விட்டிருக்கின்றன. வயலில் கோரையை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விட்ட கதை. சித்தப்பா கேட்கிற "பரவிவிடாதா" என்ற கேள்விக்கு உண்மையான பதில், பரவ வேண்டியது ஏற்கெனவே கொஞ்சம் பரவியிருக்கலாம் என்பதுதான், அதை முதல் நாளிலிருந்தே அடிக்கத்தான் இந்த ஏற்பாடு. கீமோ ஏறுகிற அன்றே சிகிச்சை ஆரம்பித்துவிட்டது, யாரும் சும்மா இருக்கவில்லை.

இதற்கு ஆதாரம் இருக்கிறது, சும்மா தர்க்கம் இல்லை. பிரிட்டனில் நடந்த மேஜிக் என்ற ஆய்வு 2006-இல் வெளிவந்தது, 503 பேர். வெறும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 23. முன்னும் பின்னும் கீமோ சேர்த்துக் கொண்டவர்களில் 36. பிறகு ஜெர்மனியில் 716 பேரை வைத்து அந்தப் பழைய கீமோவையும், ஃப்ளாட் என்று சொல்கிற நான்கு மருந்துக் கூட்டையும் ஒப்பிட்டார்கள். 2019-இல் வந்த முடிவில் பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் 35 மாதத்திலிருந்து 50 மாதமாக நீண்டது. உங்கள் டாக்டர் சொல்கிற நான்கும் நான்கும் கணக்கு அநேகமாக இந்த ஃப்ளாட் தான். இந்த எண்களை நான் அழகுபடுத்த மாட்டேன். 36 என்றால் 64 பேர் இல்லை என்றும் அர்த்தம், இது கெட்ட நோய்தான். ஆனால் 23-க்கும் 36-க்கும் நடுவில் இருக்கிற அந்தப் பதின்மூன்று பேரை சர்ஜனின் கைத்திறமையால் மட்டும் கொண்டுவர முடியவில்லை.

சரி, கீமோ வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம், முதலில் எடுத்துவிட்டுப் பிறகு கொடுத்தால் என்ன? நல்ல கேள்வி. இதில் நடைமுறை பேசுகிறது. இரைப்பையில் முக்கால்வாசியோ முழுவதுமோ போன ஆள் எப்படி இருப்பார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சாப்பாடு இறங்காது, எடை இன்னும் குறையும், ஒரு சின்னக் கசிவோ நெஞ்சுச் சளியோ வந்தால் இரண்டு மாதம் ஓடிவிடும். அந்த நிலையில் கீமோ என்றால் ஆளும் தாங்க மாட்டார், குடும்பமும் "போதும் டாக்டர்" என்று சொல்லிவிடும். மேலே சொன்ன இரண்டு ஆய்விலுமே ஆபரேஷனுக்கு முந்தைய கீமோவைப் பெரும்பாலோர் முடித்தார்கள், பின்னால் வருவதையும் சேர்த்து முழுவதையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. அதனால் தெம்பு இருக்கும்போதே மருந்தைக் கொடுத்துவிடுகிறோம். இன்னொன்று, கட்டி சுருங்கினால் ஓரத்தில் மிச்சம் வைக்காமல் எடுக்க வசதி. அப்புறம், எடுத்த இரைப்பையை பேத்தாலஜியில் பார்க்கும்போது மருந்து எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று கண்ணால் தெரிந்துவிடும். முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்க நம்மிடம் எதுவும் மிஞ்சாது.

இதுவரை சொன்னதில், ஆபரேஷன் மட்டும் போதாது என்பது உறுதி. முதலில் கீமோவா பிறகு கீமோவா என்பதில் அந்த அளவு உறுதி கிடையாது, அதையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் ரொம்ப நாளாக முதலில் ஆபரேஷன், நெறிக்கட்டிகளையெல்லாம் முறையாக எடுப்பது, பிறகு ஒரு வருடம் எஸ்-1 என்ற கீமோ மாத்திரை என்றுதான் செய்தார்கள். 2007-இல் வந்த அவர்கள் ஆய்வில் மூன்று வருடம் கழித்து மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் இருந்தார்கள், எடுக்காதவர்களில் 70. பார்க்க மேஜிக்கைவிட அழகான எண்கள், ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஜப்பான் ஆய்வில் ஆபரேஷனைத் தாண்டி, எல்லாம் சுத்தமாக எடுக்கப்பட்டவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள். தவிர மேஜிக் ஆய்வில் நெறிக்கட்டி அகற்றும் வேலை எல்லோருக்கும் முழுமையாக நடக்கவில்லை என்ற விமரிசனமும் நியாயமானது. ஆகவே அந்த இன்னொரு ஆஸ்பத்திரி சர்ஜன் "நெறிக்கட்டிகளோடு முறையாக எடுத்துவிடுகிறேன், பேத்தாலஜி பார்த்துவிட்டுக் கீமோ கட்டாயம்" என்று சொன்னால் அது தவறான வைத்தியம் இல்லை, வேறு அணுகுமுறை. "எடுத்துவிடலாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

கீமோ நடக்கும்போதே நோய் வளர்ந்துவிட்டால்? சிலருக்கு அப்படி ஆகிறது, மறைக்க வேண்டியதில்லை. நாங்கள் வழக்கமாகச் சொல்கிற சமாதானம், இவ்வளவு மருந்துக்கு நடுவிலும் இரண்டு மாதத்தில் பரவுகிற நோய் ஆபரேஷன் செய்திருந்தாலும் ஆறு மாதத்தில் திரும்பியிருக்கும், பெரிய ஆபரேஷனின் வேதனையாவது மிச்சம் என்பது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஒரு ஆளை வைத்து அதை நிரூபிக்க யாராலும் முடியாது. முத்திரை மோதிர செல் என்று பயாப்ஸியில் எழுதியிருந்தால், அந்த வகை கீமோவுக்கு அவ்வளவாக மசிவதில்லை என்ற பேச்சும் உண்டு. அதற்காக முறையையே மாற்ற வேண்டுமா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது, பெரும்பாலான இடங்களில் அவர்களுக்கும் இதே வரிசைதான்.

எப்போது ஆபரேஷன் முதலில்? இரைப்பையின் உள்பக்கத் தோலைத் தாண்டி அதிகம் இறங்காத ஆரம்பக் கட்டி என்றால். ரத்தம் நிற்காமல் கசிந்து எண்டோஸ்கோபியாலும் அடங்கவில்லை என்றால். ஓட்டை விழுந்தால். கீமோவைத் தாங்காத இதயமோ சிறுநீரகமோ என்றால். இரைப்பையின் கீழ்வாசல் அடைத்துக்கொண்டு சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வருகிறது என்றால் அது தனிக் கதை. சிலருக்கு முதலிலேயே எடுக்கிறோம், சிலருக்குக் குடலில் குழாய் வைத்து உணவுக்கு வழி செய்துவிட்டுக் கீமோவைத் தொடங்குகிறோம். அப்பாவுக்கு வாந்தி பற்றி நீங்கள் எழுதவில்லை. நேற்று சாப்பிட்டது இன்று வாந்தியில் வருகிறது என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். சி.டி. சுத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரைப்பைப் புற்றுநோய்க்கு வயிற்றின் உள்சவ்வில் கடுகு கடுகாகத் தூவிக்கொண்டு உட்காரும் பழக்கம் உண்டு, சி.டி.க்கு அது தெரியாது, பெட் ஸ்கேனும் இதில் அடிக்கடி ஏமாற்றும். தெரிந்துகொள்ள ஒரே வழி சின்னத் துளையில் கேமராவை விட்டுப் பார்ப்பது, கூடவே உள்ளே கொஞ்சம் சலைன் ஊற்றி எடுத்து அதில் புற்றுசெல் இருக்கிறதா என்று பார்ப்பது. அரைமணி, முக்கால்மணி வேலை. இதைக் கீமோவுக்கு முன்பே செய்துவிட்டால் நல்லது, ஏனென்றால் அங்கே நோய் இருந்தால் மொத்தத் திட்டமும் மாறும். சி.டி. சுத்தமாக இருந்தும் உள்ளே இப்படிப் பார்த்தபோது நோய் தெரிந்தவர்கள் எங்கள் அனுபவத்தில் அபூர்வம் இல்லை. "லேப்ராஸ்கோபி பார்த்துவிட்டுத்தானே ஆரம்பிக்கிறோம்" என்று டாக்டரிடம் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் காரணம் சொல்வார், கேட்பதில் தப்பில்லை.

அதே மூச்சில் பயாப்ஸி துண்டில் இன்னும் இரண்டு பரிசோதனை கேளுங்கள். ஒன்று ஹெர்-2, புற்றுசெல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம். மற்றது எம்.எஸ்.ஐ அல்லது எம்.எம்.ஆர் என்று எழுதுவார்கள், செல் தன் டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் வசதி கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது. ஹெர்-2 முக்கியமாக நோய் பரவிய நிலையில்தான் மருந்தை மாற்றும், ஆனால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. எம்.எஸ்.ஐ வேறு ரகம். சிலருக்குத்தான் அது பாசிட்டிவாக வரும், வந்தால் வழக்கமான கீமோவின் பலன் சந்தேகத்துக்குரியது, மேஜிக் ஆய்வில் சேர்த்து வைத்திருந்த திசுக்களைத் திரும்பிப் பார்த்தபோது தெரிந்தது இது. எண்ணிக்கை குறைவு என்பதால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அதே ரகக் கட்டிகளுக்குக் கீமோவே இல்லாமல் இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய் மேல் தூண்டிவிடும் மருந்து, மட்டும் கொடுத்துப் பார்த்த ஒரு பிரெஞ்சு ஆய்வில் ஆபரேஷன் நடந்த 29 பேரில் 17 பேரின் இரைப்பையில் புற்றுசெல்லே மிச்சமில்லை, 2022-இல் வந்த செய்தி. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மற்ற ரகத்துக்கும் ஃப்ளாட்டோடு துர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்தால் இரண்டு வருடம் நோய் திரும்பாமலோ முற்றாமலோ இருந்தவர்கள் நூற்றுக்கு 59-லிருந்து 67 ஆனார்கள் என்று 2025-இல் வந்திருக்கிறது. விலை லட்சக்கணக்கில். கையில் இருந்தால் பேசலாம். வீட்டை விற்று வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன், முதுகெலும்பு அந்த நான்கு மருந்தும் ஒழுங்கான ஆபரேஷனும்தான், அவை இரண்டும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் கிடைக்கின்றன, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை வழி இருக்கிறது. அட்டை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், கடைசி நேரத்தில் வருமானச் சான்றிதழுக்கு அலைவதில் ஒரு வாரம் போய்விடும்.

கீமோ எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். பதினான்கு நாளுக்கு ஒருமுறை. ஒரு மருந்து 24 மணிநேரம் மெதுவாக ஏறும், அதனால் நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் என்று ஒன்று வைப்பார்கள் அல்லது கையில் நீளமான குழாய். முடி கொட்டும். நான்கில் ஒன்றான ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் சுருக்கென்று குத்தும், ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பதுபோல் பயமுறுத்தும், அது தானாகப் போய்விடும். பயப்பட வேண்டியது காய்ச்சலுக்குத்தான். வெள்ளை அணு குறைந்த நேரத்தில் 100.4 டிகிரி காட்டினால் அது இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று இருப்பது இதில் மட்டும் கூடாது. நான்காவது முடிந்து மறுபடி சி.டி., நாலு முதல் ஆறு வாரம் கழித்து ஆபரேஷன்.

அந்த மூன்று மாதத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, ஆபரேஷன் எப்படிப் போகும் என்பதில் என் வேலைக்குச் சமமான பங்கு அதற்கு. சாப்பாடு. நம் வீடுகளில் நோயாளி என்றாலே கஞ்சி, ரசம் சாதம், இட்லி என்று இறக்கிவிடுகிறோம், புரதமே இல்லை. ஒன்பது கிலோ போன உடம்புக்கு அது பத்தாது. முட்டை, மீன், பயறு, தயிர், பால் பவுடர் கலந்த சத்துமாவு, எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறேழு வேளை. எடை வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள், இறங்கிக்கொண்டே போனால் குழாய் வழி உணவுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. தினமும் நடக்கட்டும். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும், மயக்க மருந்து டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். முள்சீத்தாப்பழம், கோதுமைப்புல் சாறு என்று வாட்ஸாப்பில் வருவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மனிதர்களிடம் காட்டிய ஆதாரம் இரண்டுக்கும் இல்லை. பழமாகச் சாப்பிடுவதைப் பற்றி நான் சண்டை போட மாட்டேன். கஷாயம், சூரணம் எதுவானாலும் கீமோ நடக்கும்போது டாக்டருக்குச் சொல்லாமல் கொடுக்காதீர்கள், கல்லீரல் கெட்டால் எதனால் என்றே தெரியாமல் மருந்தை நிறுத்த வேண்டிவரும். "பயாப்ஸி எடுத்ததால்தான் பரவியது" என்று சொல்லும் உறவினருக்கு ஒரே பதில்: எண்டோஸ்கோபியில் கிள்ளி எடுப்பதால் இந்த நோய் பரவுவதில்லை, அது இல்லாமல் யாரும் கீமோ கொடுக்கவும் கூடாது.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் முன்னணிப் புற்றுநோய்களில் இரைப்பை நெடுங்காலமாக இருக்கிறது. காரத்தைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள், ஆனால் ஆதாரம் பலமாகச் சுட்டுவது எச்.பைலோரி என்ற கிருமியை, அப்புறம் உப்பையும் புகையிலையையும். கொரியாவில் இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களில் அந்தக் கிருமி இருந்தவர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து வருடக்கணக்கில் பார்த்தார்கள். மருந்து கொடுத்தவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்தது, 2020-இல் வெளியானது. நீங்களும் உங்கள் அக்காவும், அப்பாவின் தம்பி என்ற முறையில் சித்தப்பாவும், அந்தக் கிருமி இருக்கிறதா என்று சோதனை செய்துகொள்ளுங்கள், இருந்தால் பதினான்கு நாள் மாத்திரை. நாற்பதைத் தாண்டியவர்கள் ஒரு எண்டோஸ்கோபியும் பார்த்துவிடலாம்.

கடைசியாக, அப்பாவிடம் "வயிற்றுப் புண்" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம், கீமோவை சத்து ஊசி என்று சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். முதல் கீமோவின் மூன்றாவது வாரத்தில் தலையணை முழுக்க முடி கிடக்கும், பக்கத்துக் கட்டில்காரர் என்ன நோய் என்று கேட்பார், ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போவதும் அவரேதான். அவருக்கு எப்படியும் தெரிந்துவிடும், உங்களிடமிருந்து தெரியாமல் வேறு யாரிடமிருந்தோ தெரியும். ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தயக்கமாக இருந்தால் அடுத்த முறை டாக்டர் அறையில் அவரையும் உள்ளே உட்கார வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அதைச் சொல்லிப் பழக்கம் உண்டு.